ஊற்றைப் பூட்டிய கடிதம்

ஓய்வு பெற்றதும் நான் கண்டியிலோ கொழும்பிலோ வீடு பார்ப்பேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்திலேயே, என் பெற்றோருக்குக் கிடைத்த ஏழு பேர்ச் நிலத்தில், மூன்று அறை வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். காரணம் கேட்டவர்களிடம் காற்று நன்றாக இருக்கிறது என்றேன். அது உண்மையல்ல. இங்கே வருடத்தில் பாதி நாள் காற்று மழையோடுதான் வரும். துவைத்த சட்டை மூன்று நாளைக்குக் காயாது. அலமாரிக்குள் வைத்த சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும்.

உண்மையான காரணம் வேறு. பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வந்து சேர்வதற்குள், எங்கே போனேன், பையில் என்ன இருக்கிறது, வயிற்றெரிச்சல் எப்படி, வெளிநாட்டிலிருக்கும் மகன் போன் எடுத்தானா என்று நான்கு பேருக்காவது நான் பதில் சொல்லியாக வேண்டும். நகரங்களில் வாடகைக்கு இருந்த காலத்தில், நான் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. முப்பத்துநான்கு வருடம் மற்றவர்களைக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவனை இப்போது ஓர் ஊரே கேள்வி கேட்கிறது. இந்தத் தண்டனைக்கு நான் நன்றி சொல்லாத நாளில்லை. சத்தமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைப் பக்கமாக பஸ்ஸில் இருபது நிமிடம் வந்து, பாலத்தடியில் இறங்கி, தொண்ணூற்றாறு படி ஏறினால் எங்கள் மேல் லயம். எழுதுவினைஞராகச் சேர்ந்து, பல பிரதேச செயலகங்களில் உட்கார்ந்து, நிர்வாக உத்தியோகத்தராக வெளியே வந்தவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை பிரதி, எந்த மேசையில் முதல் கையெழுத்து, எந்தக் கிழமையில் போனால் ஆள் இருக்கமாட்டார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே என் முன்னறை அரசாங்க அலுவலகம் போல ஒரு சின்னக் கந்தோராகிவிட்டது. அடையாள அட்டை தொலைத்தவர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற்றுகிறவர், கிராம உத்தியோகத்தரிடம் மூன்று தடவை போய்த் திரும்பியவர் எல்லோரும் வருவார்கள். நான் நிரப்பிக் கொடுப்பேன். ஒரு கட்டுக் கீரையோ நாலு ரொட்டியோ சமையலறை வழியாக உள்ளே வரும். வாங்க வேண்டாம் என்று என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியையாக இந்த மலைக்கு வந்து என்னிடம் மாட்டிக்கொண்டவள். கீரையை மறுத்தால் சனம் உங்களை மறுத்துப்போடும் என்று சொல்லி அவள் வாங்கி வைத்தாள். அவள் சொன்னதுதான் சரி.

இந்த மரியாதையெல்லாம் சேர்ந்து என் தலைக்கு ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கமாட்டேன்.

எங்கள் லயத்தையும் என்னுடையதைப் போன்ற தனி வீடுகளையும் சேர்த்து இருபத்திரண்டு குடும்பங்கள். எல்லோருக்கும் தண்ணீர் ஒரே ஊற்றிலிருந்து. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு பாறைக்கடியில் அது இருக்கிறது. அங்கிருந்து குழாய் வழியாக லயத்துக்குப் பின்னாலுள்ள சீமெந்துத் தொட்டிக்கு இறங்கும். தொட்டி நிறைந்து மிஞ்சுவது பீலியில் கொட்டும். குளிப்பதும் துவைப்பதும் ஊர்க்கதை பேசுவதும் அந்தப் பீலியடியில்தான். ஆடி மழைக்கு ஊற்றுக்கண்ணில் மண் வந்து அடைக்கும், தொட்டிக்கு வரும் தண்ணீர் நூலாகிவிடும். அப்போது தோட்டத் தலைவர், அதாவது எங்கள் தொழிற்சங்கத் தலைவர், வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூப்பிடுவார். எல்லோரும் மேலே போய் மண்ணை அள்ளிவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு இறங்கிவிடுவார்கள். என் அப்பா காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. யாரும் யாருக்கும் ஒரு வரிகூட எழுதியதில்லை.

அந்த ஒரு வரி இல்லாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த வருடம் மழை கொஞ்சம் கூடுதல். தண்ணீர் நூலானதும் தலைவர் சனிக்கிழமை போகலாம் என்றார். நான் அவரைத் தடுத்தேன். வருடா வருடம் மண் அள்ளுவது தீர்வல்ல, மூடியும் வேலியும் போட்ட நிரந்தரமான ஒரு தொட்டி வேண்டும், அதற்கு ஒரு முறை இருக்கிறது, இரண்டு வாரம் பொறுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, சேர் சொன்னால் சரிதான் என்று போய்விட்டார்.

அன்று பின்னேரமே எழுதினேன். தோட்ட நிர்வாகத்துக்கு முகவரியிட்டு, பிரதேச சபை, பிரதேச செயலகம், சுகாதாரப் பணிமனை என்று பிரதிகள். அலுவலக வாழ்க்கையில் நான் கற்ற பெரிய பாடம், உள்ளதை உள்ளபடி எழுதினால் கடிதம் கோப்புக்குள் தூங்கிவிடும் என்பது. கொஞ்சம் காரம் சேர்க்க வேண்டும். ஊற்றில் மண் அடைத்திருக்கிறது என்று எழுதினால் யார் எழுந்திருப்பார்கள்? எனவே, மாட்டுக் கழிவு ஊற்றில் கலந்துகொண்டிருப்பதாக எழுதினேன். சிறுபிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் பரவி வருவதாகவும் எழுதினேன். லயத்தில் மாடு என்று இருப்பது தலைவருடைய ஒற்றைப் பசு. அது கட்டிக் கிடப்பது ஊற்றுக்குக் கீழே, ஏறி வர முடியாத தூரத்தில். பிள்ளைகளோ கல்லைத் தின்றாலும் செரிக்கும் நிலையில் இருந்தார்கள். அதையெல்லாம் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? நாலு மாதம் கழித்து ஒரு பதில் வரும், அதை வைத்து நினைவூட்டல் எழுதலாம் என்று கணக்குப் போட்டேன். அரசாங்கத்துக்குள் இத்தனை வருடம் இருந்தவனுக்கு, அரசாங்கம் உடனே எழுந்து வேலை செய்துவிடும் என்ற எண்ணமே வரவில்லை.

ஒன்பதாம் நாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்றார். இளம் வயது, சிங்களவர், புதிதாக நியமனம் பெற்றவர், அட்டை கடிக்காமலிருக்கச் சப்பாத்துக்கு மேல் உப்புத் தடவிக்கொண்டு வந்திருந்தார். நான் அன்று ஹட்டனுக்குப் பல் பிடுங்கப் போயிருந்தேன். அவர் மேலே ஏறிப் பார்த்தார். மண் கலங்கிய தண்ணீரைப் போத்தலில் பிடித்தார். ஆய்வு முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் கூடாது என்று இரண்டு மொழியிலும் தொட்டியில் அறிவித்தல் ஒட்டினார். பிள்ளைகளுக்கு நோய் என்று எழுத்தில் இருக்கும்போது தாங்கள் பொறுப்பெடுக்க முடியாது என்று தோட்ட நிர்வாகம் தன் பங்குக்கு ஊற்றின் வாய்க்குழாயை அடைத்துப் பூட்டும் போட்டது. பஞ்சு வைத்த வாயோடு நான் படியேறி வந்தபோது, அதுவரை மெல்லச் சிந்திக்கொண்டாவது இருந்த பீலி சத்தமில்லாமல் இருந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. நின்றபிறகுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரிந்தது.

மறுநாளிலிருந்து உழவு இயந்திரத்தில் ஒரு தாங்கி தண்ணீர் கீழே பாலத்தடிக்கு வந்தது. அதைக் குடத்தில் பிடித்துத் தொண்ணூற்றாறு படி ஏற்ற வேண்டும்.

என் பக்கத்து வீட்டுக்காரி கொழுந்து எடுத்து ஓய்ந்தவள், என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள். அவளுடைய மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தது. அதற்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. மாப்பிள்ளை வீடு பூண்டுலோயா. லயத்து வாசலிலேயே பந்தல் போட்டு, அங்கேயே சமைத்து, அங்கேயே தாலி கட்டுவதாகப் பேச்சு. அதற்கு ஒரு காரணமிருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்தால் உட்காருவார். அவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, வளைவு வளைவான பாதையில் பஸ்ஸில் மணிக்கணக்காகக் கொண்டுபோக முடியாது. போன தடவை ஆஸ்பத்திரிக்கு இறக்கியதற்கே ஒரு வாரம் பேச்சில்லாமல் கிடந்தார்.

பூட்டு விழுந்த செய்தி பூண்டுலோயாவுக்குப் போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் போன் எடுத்தார்கள். கோபமாகப் பேசவில்லை, நியாயமாகவே பேசினார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் இருநூறு பேருக்கு எப்படிச் சமைப்பீர்கள், இங்கேயே வைத்துக்கொள்வோம், நீங்கள் ஒரு பஸ் பிடித்து வந்துவிடுங்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றடி இடைவெளி. அன்று பின்னேரம் அந்தப் பக்கமிருந்து பெண்ணின் அப்பாவுடைய குரல் கேட்டது. பேச்சு குழறினாலும் பழகியவர்களுக்குப் புரியும்.

"போயிட்டு வாங்க. போன்ல படம் புடிச்சிக் காட்டுங்க, பாத்துக்கிறேன்."

அவள் பாத்திரம் தேய்க்கும் சத்தம்தான் கேட்டது, கொஞ்சம் பலமாக.

இதில் என்னால் தாங்க முடியாதது எது தெரியுமா? யாரும் என்னைத் திட்டவில்லை. தலைவர் மட்டும் வழியில் கண்டபோது, தன் பசுவுக்கு ஒரு கடிதமும் வரவில்லையே, அதுதானே குற்றவாளி என்று விசாரித்தார். பக்கத்து வீட்டுக்காரி அதைக்கூடச் செய்யவில்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி, எனக்கு மூச்சு வாங்கும் என்பதால், தன் வீட்டுக்கு நான்கு குடம் ஏற்றியபின் ஐந்தாவதை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் மறித்தோம். ரெண்டு பேருக்கு ஒரு குடம்தானே அண்ணே, இது ஒரு பெரிய காரியமா என்றாள். அவள் மகளின் கல்யாணத்தைக் கெடுத்தவன் வீட்டுக்கு அவளே தண்ணீர் சுமந்தாள்.

"ஆர் உங்களைக் கேட்டது எழுதச் சொல்லி?" என்றாள் என் மனைவி. "பேப்பரைக் கண்டால் உங்களுக்குக் கை சும்மா இராது."

"நல்லதுக்குத்தான் எழுதினேன்."

"நல்லதுக்கு எழுதினால் உள்ளதை எழுதியிருக்கலாம்தானே."



அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் சுகாதாரப் பணிமனைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் வாதங்களை அடுக்கிக்கொண்டேன். எந்தப் பிரிவின்படி தற்காலிக அனுமதி கேட்கலாம், யாருக்கு மேல் யாரைப் பார்க்கலாம் என்று. பரிசோதகர் எழுந்து நின்று நாற்காலி தந்தார். சிங்களத்தில்தான் பேசினோம். மாதிரி கண்டிக்குப் போயிருக்கிறது, முடிவு வர ஆறு வாரமாகும் என்றார். ஆறு வாரம் என்றால் ஒன்பது என்று எனக்குத் தெரியும். உண்மையில் நோய் எதுவும் இல்லை, மாட்டுக் கழிவும் இல்லை, வெறும் மண்தான் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கோப்பை எடுத்து என் கடிதத்தை விரித்து, அந்தப் பந்தியில் விரல் வைத்து, என்னைப் பார்த்தார். பிறகு உத்தியோகத்துக்கான மொழிப் பரீட்சைக்குப் படித்த தமிழில் சொன்னார்.

"நான் புதுசு சேர். கடிதம் வந்தா போய்ப் பாக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அதான் வந்தேன்."

கிண்டலே இல்லாமல் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது.

அவர் யோசித்தார். முறைப்பாடு எழுத்தில் இருக்கும்வரை தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். முறைப்பாட்டுக்காரரே எழுத்தில் திருத்தினால், ஊற்றைத் துப்புரவாக்கி மூடி, வேலியடைத்து, தொட்டியைக் கழுவிக் காட்டினால், தானே வந்து குளோரின் போட்டுப் பார்த்து அனுமதி தரலாம், கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லலாம் என்றார். எல்லாம் சரியான முறை. நான் அவர் மேசையில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதினேன். கடமையில் இருந்த காலத்தில் பிறர் தவற்றை விளக்கிப் பல நூறு கடிதம் எழுதியிருக்கிறேன். எந்தத் தவற்றையும் சூழ்நிலையின் தலையில் வைக்கும் வித்தை எனக்குத் தெரியும். தகவல் பெறப்பட்டதாக அறியப்பட்டதன் பேரில் என்று ஆரம்பித்தேன். கிழித்தேன். கிடைக்கப்பெற்ற விபரங்களின் அடிப்படையில் என்று ஆரம்பித்தேன். அதையும் கிழித்தேன். பக்கத்தில் தடுப்பூசிக்குக் குழந்தையோடு காத்திருந்த ஒரு பெண், நல்ல கடுதாசியெல்லாம் வீணாகுது பாருங்க என்றாள்.

கடைசியில் மூன்று வரி வந்தது. ஊற்றில் மாட்டுக் கழிவு கலப்பதை நான் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு நோய் இருப்பதாக எழுதியது உண்மையல்ல. கடிதம் கவனிக்கப்பட வேண்டும் என்பதற்காக அவற்றை நானே சேர்த்தேன்.

முதல் கடிதம் யார் யாருக்குப் பிரதி போனதோ, திருத்தமும் அவர்கள் எல்லோருக்கும் போக வேண்டும். அதுவும் முறைதான். அவற்றில் ஒரு கந்தோரில் எனக்குக் கீழே வேலை பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தபாலகத்தில் முத்திரை ஒட்டும்போது நாக்கு உலர்ந்து போயிருந்தது.

திரும்பி வந்து நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை பரிசோதகர் வருகிறார், அதற்குள் வேலை முடிய வேண்டும் என்று சொன்னேன். நான் எழுதிய மூன்று வரியையும் சொன்னேன். அவர் பசுவுக்குப் புல் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதாம இருந்திருந்தா போன சனிக்கெழமையே அள்ளியிருப்போம்" என்றார். அதோடு விட்டுவிட்டார். பிறகு எந்த வீட்டிலிருந்து யார், எந்த வீட்டில் மண்வெட்டி, எங்கே கம்பி கிடக்கிறது என்று விரல் மடித்துச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாணும் வாழைப்பழமும் தேத்தண்ணியும் என் பொறுப்பு என்றேன்.

"அதெல்லாம் வேணாங்க சேர். ஒங்க வீட்டுலேருந்து யாரு வர்றது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. வந்த இத்தனை வருடத்தில் என்னை அவர் அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. கந்தோர்க்காரன், கையில் சேறு படக்கூடாது என்று விட்டுவைத்திருந்தார். நானும் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்" என்றேன்.

"அப்ப பழைய சட்ட போட்டுக்கிட்டு வாங்க. ஏழு மணிக்கு."

வியாழக்கிழமை இருபத்திரண்டு பேர் ஏறினோம். தூறல் விடவில்லை. வலுவுள்ளவர்கள் பாறைக்கடியில் மண்ணை வெட்டினார்கள். மற்றவர்கள் சரிவில் வரிசையாக நின்று, வேலிக்குக் கல்லைக் கைமாற்றினோம். என்னைப் பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஆட்டோவில் பாண் விற்கிறவருக்கும் நடுவில் நிறுத்தினார்கள். பத்தாவது கல்லிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அவள் கவனித்துவிட்டாள். பெரிய கல் வந்தால் என்னைத் தாண்டி நேரே ஆட்டோக்காரரிடம் கொடுத்தாள். சின்னக் கல் மட்டும் என் கைக்கு வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான்தான் ஒரு முறை கேட்டேன், என்மேல் கோபமில்லையா என்று.

"கோவந்தான்" என்றாள், அடுத்த கல்லை வாங்கிக்கொண்டே. "கல்யாணம் முடியட்டும், வச்சித் திட்டுறேன். இப்ப கையப் புடிங்கண்ணே, வழுக்குது."

பகல் ஒரு மணிக்கு ஊற்றுக்கண் திறந்தது. முதலில் சேறு, பிறகு செம்மண் நிறம், பிறகு தெளிவு. கால் விரல்களுக்கிடையில் இரத்தம் வடிந்தபோதுதான் அட்டையைப் பார்த்தேன். ஊற்றை மூடி, வேலியடைத்து, தொட்டியையும் கழுவிவிட்டுத்தான் இறங்கினோம். வெள்ளிக்கிழமை பரிசோதகர் வந்து, வேலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, குளோரின் போட்டு, அறிவித்தலைத் தானே உரித்தெடுத்தார். தோட்டக் கந்தோரிலிருந்து பூட்டுக்குத் திறப்பு வந்தது. பூண்டுலோயாவுக்குப் போன் போனது, ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னதாகவே.

கல்யாணத்தன்று மழை ஒரு மணிநேரம் மட்டும் இரக்கம் காட்டியது. மாப்பிள்ளைப் பக்கத்தார் இரண்டு பஸ்ஸில் வந்து, தொண்ணூற்றாறு படியையும் ஏசிக்கொண்டே ஏறினார்கள். பெண்ணின் அப்பாவுக்கு முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பந்தலுக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம். தூக்கிவந்த நாலு பேரில் நானும் ஒருவன். கால் பக்கம், பாரம் குறைந்த பக்கம் எனக்குத் தந்திருந்தார்கள்.

தாலி ஏறியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் அவர் முன்னால் வந்து குனிந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. அவர் தட்டிலிருந்த அரிசியை இடது கையால் அள்ளி, இருவர் தலையிலும் போட்டார். கொஞ்சம் மாப்பிள்ளையின் காதுக்குள்ளும் போயிற்று. பூண்டுலோயாப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், சாஸ்திரம் தெரிந்தவர் போலிருக்கிறது, இடது கையைக் கண்டதும் முன்னால் நகர்ந்து வாயைத் திறந்தார். ஒரு முறையைச் சுட்டிக்காட்ட வருகிறவரின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருடம் கண்ணாடியில் பார்த்த முகம்.

அவர் பேசுமுன் நான் பீலித் தண்ணீர் நிறைந்த செம்பை அவர் கையில் கொடுத்தேன்.

"குடிங்க ஐயா" என்றேன். "படி ஏறி வந்த களைப்பு."

அவர் என்னைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து குடித்தார். நல்ல தண்ணிங்க என்றார். இன்னொரு செம்பும் கேட்டார்.